சிறை சென்ற துணி

திருடினால் சிறை உண்டு. கலகம் செய்தால் சிறை உண்டு. கட்டம் போட்ட துணியை உடுத்திக்கொண்டு தெருவில் நடந்தால் சிறை உண்டா? உண்டு என்று ஒரு ராஜாங்கம் சட்டம் போட்டது. முதல் தடவை பிடிபட்டால் ஜாமீன் கிடையாது. ஆறு மாதம் காவல். இரண்டாம் தடவை பிடிபட்டால் கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்கு ஏழு வருஷத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஏதோ விகடக் கதையில் வரும் கோமாளி ராஜா போட்ட உத்தரவு அல்ல இது. லண்டன் பார்லிமெண்டு 1746-ஆம் ஆண்டில் விவாதித்து, நிறைவேற்றி, 1782 வரையில் ரத்துச் செய்யாமல் வைத்திருந்த சட்டம்.

குற்றவாளிக் கூண்டில் நின்ற அந்தத் துணிக்கு டார்ட்டன் என்று பெயர். ஸ்காட்லாந்து தேசத்து மலைநாட்டார் நெய்து உடுத்திய கம்பளித் துணி. பெயரைக் கேட்டிராதவர்களும் அதைப் பார்த்திருப்பார்கள். பிஸ்கோத்துத் தகரப் பெட்டியின் மேல், பள்ளிக்கூடத்துப் பெண்களின் பாவாடையில், குளிருக்குக் கழுத்தில் சுற்றும் துண்டில், சிவப்பும் பச்சையும் நீலமும் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டங்கட்டமாக விழுந்திருக்குமே, அதுதான். இன்று இவ்வளவு சாதுவாக உட்கார்ந்திருக்கும் இந்தத் துணி, ஒரு காலத்தில் ஓர் அரசாங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்தது. பிறகு அதே அரசாங்கத்தின் ராஜாவே அதைத் தைத்து வாங்கி உடுத்திக்கொண்டார். இடையில் நடந்தது சுவாரசியமான கதை. கொஞ்சம் வருத்தமான கதையும்கூட.

சண்டையைப் பிறகு பார்க்கலாம். முதலில் துணியைப் பார்த்துவிடுவோம்.

டார்ட்டனுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. பாவில் எந்த நிறம் எத்தனை இழை, எந்த வரிசையில் வருகிறதோ, ஊடையிலும் அதே நிறம் அத்தனை இழை, அதே வரிசையில் வரவேண்டும். அவ்வளவுதான். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான தினுசுகள் செய்திருக்கிறார்கள். நெசவு சாதாரண ஒன்றுக்கொன்று நெசவு அல்ல. ஒவ்வோர் ஊடை இழையும் இரண்டு பாவு இழைக்கு மேலே ஏறி, அடுத்த இரண்டுக்குக் கீழே நுழைந்து போகும். மறு ஊடை ஓர் இழை தள்ளி அதே ஆட்டத்தைத் தொடங்கும். இதனால் துணியின் மேல் சாய்வாக மெல்லிய வரிகள் ஓடும். டார்ட்டனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தால் கட்டம் மறைந்து இந்தச் சாய்வு வரிகள்தாம் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சிவப்புப் பாவின் மேல் சிவப்பு ஊடை விழுந்தால் சுத்தச் சிவப்பு. கறுப்பின் மேல் கறுப்பு விழுந்தால் சுத்தக் கறுப்பு. சிவப்பும் கறுப்பும் சந்திக்கிற இடத்தில்? பாதி இழை சிவப்பு, பாதி இழை கறுப்பு. எட்ட நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு இருண்டதோர் அரக்கு நிறம். சாயக்காரன் எந்தத் தொட்டியிலும் தோய்க்காத நிறம் அது. நெசவே பெற்றெடுத்த நிறம். இரண்டு நிறம் கொடுத்தால் மூன்று நிறமாகத் திரும்பி வரும். மூன்று கொடுத்தால் ஆறு. ஆறு கொடுத்தால் 21. வட்டிக்கடைக்காரன் கணக்கைவிட வேகமாக வளருகிற கணக்கு! அதனால்தான் கைதேர்ந்த நெசவாளி நிறங்களைச் சிக்கனமாக எடுப்பான். பேராசைப்பட்டுப் பத்து நிறம் சேர்த்தால் கட்டமெல்லாம் கலங்கிச் சேறாகிவிடும்.

ஒரு முழுக் கட்ட வரிசைக்கு செட் என்று பெயர். உதாரணத்துக்கு, வாலஸ் என்ற குலப்பெயரில் வழங்கும் டார்ட்டனை எடுத்துக்கொள்வோம். அதன் சூத்திரம் இதுதான்: கறுப்பு 4, சிவப்பு 32, கறுப்பு 32, மஞ்சள் 4. மஞ்சளை எட்டியதும் வந்த வழியே திரும்ப வேண்டும். கறுப்பு 32, சிவப்பு 32, மறுபடியும் அந்தக் கறுப்பு 4. ஆக ஒரு சுற்றுக்கு 136 இழை. பாட்டில் ஆரோகணம் அவரோகணம் போல. நாலே எண்களை மனப்பாடம் செய்துகொண்ட நெசவாளி, துணியைக் கண்ணால் பார்க்காமலே அதை நெய்துவிடலாம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இந்த எண்களை எப்படிக் காப்பாற்றினார்கள்? ஸ்கை என்ற தீவைச் சேர்ந்த மார்ட்டின் மார்ட்டின் என்பவர் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பற்றி 1703-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதிலே விடை இருக்கிறது. அந்தத் தீவுகளின் பெண்கள் ஒரு மரத்துண்டில் ஒவ்வொரு வரியிலும் எத்தனை இழை என்ற கணக்கை அப்படியே வைத்திருப்பார்களாம். அந்த மரத்துண்டுதான் அவர்களுடைய ஏடு, எழுத்தாணி, கணக்குப் புத்தகம் எல்லாம். இன்னொன்றும் அவர் சொல்கிறார். ஒவ்வொரு தீவிலும் ஒவ்வொரு நிலப்பகுதியிலும் துணியின் அமைப்பு வேறாக இருக்குமாம். அந்த ஊர்களைப் பார்த்துப் பழகியவர், ஒரு மனிதன் போர்த்தியிருக்கும் துணியைப் பார்த்ததுமே அவன் எந்தப் பக்கத்தான் என்று ஊகித்துவிடலாமாம். 'எந்தக் குலத்தான்' என்று அவர் சொல்லவில்லை. 'எந்தப் பக்கத்தான்' என்றுதான் சொன்னார். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சாயங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டைச் சுற்றிக் கிடைப்பதுதான் சாயம். பாறையில் படரும் பாசியைச் சுரண்டிக் கொதிக்க வைத்தால் செம்பழுப்பு. ஹெதர் என்ற மலைச்செடியில் மஞ்சள். ஆல்டர் மரப்பட்டையில் கறுப்பு. கொஞ்சம் வசதியுள்ளவர்கள் பணம் கொடுத்துப் பிறதேசத்துச் சாயம் வாங்கினார்கள். நீலத்துக்கு அவுரி, பளிச்சென்ற சிவப்புக்கு மெக்சிகோவில் கள்ளிச்செடிப் பூச்சியை உலர்த்திச் செய்யும் கொச்சினீல். கத்பர்ட் கார்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், பாசிகளிலிருந்து ஊதா கலந்த சிவப்புச் சாயம் எடுக்கும் முறைக்கு 1758-இல் பேட்டண்ட் உரிமை வாங்கித் தம் பெயரையே கொஞ்சம் திரித்து அதற்கு 'கட்பேர்' என்று சூட்டினார். நெய்த துணியை இறுக்குவதற்குப் பெண்கள் ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத்துணியைப் பலகையில் அடித்து அடித்துத் தள்ளுவார்கள். அலுப்புத் தெரியாமலிருக்கப் பாட்டும் உண்டு. துணியை நனைத்த திரவம் என்ன என்பதைச் சொல்லாமல் விடலாம்; ஆனால் சரித்திரம் எழுதுகிறவன் மறைக்கக் கூடாது. பல நாள் சேர்த்துப் புளிக்க வைத்த சிறுநீர்! பின்னாளில் பிரபுக்களும் சீமாட்டிகளும் பெருமையோடு போர்த்திய துணியின் பூர்வோத்தரம் இது.

இந்தத் துணிக்கு வயசு என்ன? ஃபால்கர்க் என்ற ஊரில் 1933-இல் ஒரு மண்பானை கிடைத்தது. உள்ளே ஏறக்குறைய 2,000 ரோமானிய வெள்ளிக் காசுகள். பானையின் வாயை அடைத்திருந்த கந்தல், வெள்ளையும் பழுப்புமான கட்டம் போட்ட கம்பளி. ஆடு கொடுத்த நிறம்; சாயம் இல்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. காசைப் புதைத்தவன் காசைத்தான் பெரிதென்று நினைத்திருப்பான். இன்று எடின்பரோ மியூசியத்தில் ஜனங்கள் கந்தலைப் பார்க்க வருகிறார்கள். க்ளென் ஆஃப்ரிக் என்ற பள்ளத்தாக்கின் சதுப்பில் 1980-களில் கிடைத்த ஒரு துண்டை அண்மையில் ஆராய்ந்து, அது 1500-க்கும் 1600-க்கும் இடைப்பட்டது என்று 2023-இல் அறிவித்தார்கள். சாயம் தோய்த்த உண்மையான டார்ட்டன்களில் ஸ்காட்லாந்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழையது அதுதான்.

துணி பழையது, சந்தேகமில்லை. ஆனால், "எங்கள் குலத்துக்கு இந்தக் கட்டம், உங்கள் குலத்துக்கு அந்தக் கட்டம், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இப்படித்தான்" என்கிற பேச்சு இருக்கிறதே, அது பழையதுதானா?

1746-ஆம் வருஷம் ஏப்ரல் 16-ஆம் தேதி கல்லோடன் என்ற மேட்டு வெளியில் ஒரு போர் நடந்தது. நாடிழந்த ஸ்டூவர்ட் வம்சத்து இளவரசர் சார்லஸ் எட்வர்ட் ஒரு பக்கம், லண்டன் அரசரின் மகன் கம்பர்லண்ட் கோமகன் மறு பக்கம். இளவரசருக்காகத் திரண்டவர்களில் பெரும்பாலோர் மலைநாட்டார். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இளவரசர் தரப்பில் மாண்டும் காயமுற்றும் விழுந்தவர்கள் 1,500 பேருக்கு மேல். அந்தப் போரை டேவிட் மோரியர் என்ற ஓவியர் வரைந்திருக்கிறார். அதில் வாளோடு பாயும் மலைநாட்டார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தினுசுத் துணி உடுத்தியிருக்கிறார்கள். ஒரே ஆளின் மேலங்கி ஒரு கட்டம், இடுப்புத்துணி இன்னொரு கட்டம், காலுறை வேறொரு கட்டம்! நண்பன் யார், எதிரி யார் என்று போர்க்களத்தில் காட்டிக்கொடுத்தது துணி அல்ல. தொப்பியில் செருகிய வெள்ளை ரிப்பன் முடிச்சு. போருக்கு முப்பது வருஷத்துக்கு முன்னால் ரிச்சர்ட் வெய்ட் என்ற ஓவியர் கிராண்ட் குலத்தாரை வரிசையாக வரைந்தாரே, அந்தப் படங்களிலும் ஆளுக்கொரு கட்டம்தான். மார்ட்டின் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. துணி ஊரைக் காட்டிற்று, குலத்தைக் காட்டவில்லை.

ஆனால் வெற்றி பெற்றவர்களுக்கு இந்த நுட்பமெல்லாம் எதற்கு? அவர்கள் கண்ணுக்கு டார்ட்டன் என்பது கலகக்காரனின் சின்னம். ஆயுதத்தைப் பறிக்கும் சட்டத்தோடு உடையைப் பறிக்கும் சட்டத்தையும் சேர்த்தார்கள். ஸ்காட்லாந்தில் ராணுவத்தில் இல்லாத எந்த ஆணும், எந்தச் சிறுவனும் மலைநாட்டு உடையை 1747 ஆகஸ்டு முதல் தேதிக்குப் பிறகு அணியக்கூடாது.

நகரத்துக் கனவானுக்கு உடை என்பது பெட்டியிலிருந்து எடுத்து மாட்டுகிற பொருள். மலைநாட்டு ஏழைக்கு அப்படி அல்ல. பல கஜ நீளமுள்ள ஒரே துணி. அதைக் கொசுவி இடுப்பில் வாரினால் இறுக்கி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொள்வான். மழை வந்தால் அதுவே குடை. இரவில் அவிழ்த்தால் அதுவே படுக்கை, அதுவே போர்வை. அவன் மனைவியோ தாயோ மரத்துண்டைப் பார்த்து இழை எண்ணி நெய்த துணி. அதை விட்டுவிட்டுக் கால்சட்டை தைத்துக்கொள் என்று சட்டம் சொன்னால், தையல்கூலியை யார் கொடுப்பது? இந்தச் சட்டம் பெரிய மனிதர்களை அவமானப்படுத்திற்று. சின்ன மனிதர்களைக் குளிரில் நிறுத்திற்று.

விசித்திரம் என்னவென்றால், ஒரே ஓர் இடத்தில் டார்ட்டன் உடுத்துவது குற்றமில்லை, கடமை. அரசரின் பட்டாளத்தில்! கருநீலமும் கறுப்பும் பச்சையுமாக இருளடைந்த கட்டத்தோடு 'பிளாக் வாட்ச்' என்ற மலைநாட்டுப் படை 1739-லேயே ரெஜிமெண்டாக அமைந்துவிட்டது. தடைச் சட்டம் அதைத் தொடவில்லை. தாத்தன் உடுத்திய துணியை உடுத்த வேண்டுமா? வா, பட்டாளத்தில் சேர். எந்த அரசர் அதைத் தடுத்தாரோ அவருக்காகவே உயிரைக் கொடு. இப்படித் திரட்டிய மலைநாட்டுப் படைகள் அமெரிக்காவுக்குப் போயின. நம் பக்கத்துக்கும் வந்தன. 1780 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கிய மக்லியாட் மலைநாட்டுப் படையில் ஒரு பகுதி, அதே வருஷம் செப்டம்பர் 10-ஆம் தேதி காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியின் சேனையிடம் சிக்கி நாசமாயிற்று. பிடிபட்ட காப்டன் டேவிட் பேர்ட் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் மூன்றரை வருஷத்துக்கு மேல் விலங்கோடு கிடந்தார். அவர்கள் புள்ளலூரில் செத்துக்கொண்டிருந்த அன்றைக்கும், அவர்கள் சொந்த ஊரில் அண்ணனோ தம்பியோ டார்ட்டன் உடுத்தினால் ஆறு மாதச் சிறை!

1782 ஜூலை முதல் தேதி சட்டம் ரத்தாயிற்று. கிரகாம் பிரபு பார்லிமெண்டில் மசோதா கொண்டுவந்தார். எதிர்ப்பென்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அதற்குள் ஒரு தலைமுறை போய்விட்டது. அகராதி எழுதிய டாக்டர் ஜான்சன் 1773-இல் மலைநாடு முழுவதும் சுற்றியபோது, பழைய உடையை முழுதாக உடுத்திய ஒரே ஒரு கனவானைத்தான் கண்டாராம். அவரும் எப்போதாவதுதான் உடுத்துவாராம். அகற்றிய துணியைத் திரும்பக் கொடுக்கலாம். மறந்த பழக்கத்தை யார் கொடுப்பது?

யார் கொடுத்தார்கள் தெரியுமா? ஒரு ஜவுளி வியாபாரி! ஸ்டெர்லிங் நகருக்குப் பக்கத்தில் பானக்பர்ன் என்ற ஊரில் வில்சன் குடும்பத்தார் நெசவுச்சாலை வைத்திருந்தார்கள். பட்டாளத்துக்கு டார்ட்டன் சப்ளை செய்தவர்கள். மலைநாட்டுக்குள் ஆள் அனுப்பிப் பழைய மாதிரிகளைத் திரட்டினார்கள். புதிதாகவும் கற்பனை செய்தார்கள். இழைக்கணக்குகளைக் குறித்து 1819-இல் அவர்கள் தொகுத்த மாதிரிப் புத்தகத்தில் இருநூறுக்கு மேற்பட்ட தினுசுகள் இருக்கின்றன. முதலில் அவற்றுக்கு வெறும் நம்பர். பிறகு ஊர்ப் பெயர். பிறகு, வாங்குகிறவர்கள் கேட்கக் கேட்க, குலப்பெயர்! மக்பெர்சன் குலத்துக்குரியதாக வழங்கிய ஒரு துணியின் ஜாதகத்தைச் சரித்திராசிரியர் ஹ்யூ டிரெவர்-ரோப்பர் எழுதியிருக்கிறார். அது முதலில் வெறும் நம்பராகத்தான் இருந்தது. கிட் என்பவர் மேற்கிந்தியத் தீவுகளில் தம் அடிமைகளுக்கு உடுத்த மொத்தமாக வாங்கியபோது அதன் பெயர் 'கிட்' ஆயிற்று. பிறகு குலத் தலைவர் ஒருவருக்கு விற்றபோது 'மக்பெர்சன்' ஆயிற்று. அடிமை உடுத்தினால் சரக்கு. தலைவன் உடுத்தினால் பரம்பரை.

இதே சமயத்தில் லண்டனிலுள்ள மலைநாட்டுச் சங்கத்தார், ஒவ்வொரு குலத் தலைவரும் தத்தம் குலத்துணியின் மாதிரியைக் கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்பவேண்டும் என்று 1815-இல் கேட்டுக்கொண்டார்கள். தலைவர்கள் திகைத்தார்கள். பலருக்குத் தங்கள் குலத்துணி எது என்றே தெரியவில்லை. மக்டானல்டு பிரபு, எங்கள் குலத்துணி எதுவென்று எனக்கே தெரியாது, நீங்களே உண்மையான மாதிரி ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுங்கள் என்று சங்கத்துக்கே எழுதிவிட்டார். அந்த ஒருவராவது உள்ளதைச் சொன்னாரே!

1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு விஜயம் செய்தார். விழாவுக்குச் சூத்திரதாரி ஒரு நாவலாசிரியர்: ஸர் வால்டர் ஸ்காட். கதாபாத்திரங்களுக்கு வேஷம் போட்டுப் பழகியவர், இந்தத் தடவை ஒரு தேசத்துக்கே வேஷம் போட்டுவிட்டார். குலத் தலைவர்கள் தங்கள் பரிவாரத்தோடு மலைநாட்டு உடையில் வரவேண்டும் என்று சொல்லியாயிற்று. வில்சன் தறிகள் ராப்பகலாக ஓடின. பருத்த உடம்புக்காரரான மன்னரும் செக்கச்சிவந்த டார்ட்டன் உடுத்தி, காலில் இளஞ்சிவப்பு உறை மாட்டிக்கொண்டு தரிசனம் கொடுத்தார். அந்த ஓர் உடைக்கு ஆபரணங்களோடு ஆன பில் 1,354 பவுன். எந்தத் துணிக்காக ஏழையைச் சிறையில் போட்டார்களோ அதற்கு இப்போது ராஜ மரியாதை.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், அதே வருஷங்களில் மலைநாட்டில் வேறொன்று நடக்காமலிருந்தால்.

நிலம் குலத் தலைவர்களுடையது. குடியானவன் கொடுக்கும் வாரத்தைவிட ஆட்டுப் பண்ணைக்காரன் கொடுக்கும் குத்தகை அதிகம். ஆகவே குடியானவர்களை வெளியேற்றினார்கள். ஸதர்லண்ட் சீமாட்டியின் நிலங்களிலிருந்து 1811-க்கும் 1820-க்கும் இடையில் ஆயிரக்கணக்கானவர்களை அப்புறப்படுத்திக் கடற்கரைக்குத் துரத்தினார்கள். மறுபடி குடியேறாதபடி வீடுகளின் கூரையை இடித்து எரித்தார்கள். இந்த விவகாரத்தில் பாட்ரிக் ஸெல்லர் என்ற காரியஸ்தர் 1816-இல் இன்வர்நெஸ் கோர்ட்டில் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். ராபர்ன் வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தில், தலை முதல் கால் வரை டார்ட்டனோடு கம்பீரமாக நிற்கிறாரே க்ளென்காரி மக்டானல், 'உண்மை மலைநாட்டார் சங்கம்' என்று ஒரு சங்கமே கண்டவர். அவரும் தம் குடிகளைத் துரத்திவிட்டு ஆட்டைக் கொண்டுவந்தவர்தாம். எடின்பரோ வீதியில் டார்ட்டன் ஊர்வலம் போயிற்று. டார்ட்டனை நெய்தவர்கள் கனடாவுக்குக் கப்பல் ஏறினார்கள். உடையை மீட்டுக்கொண்டார்கள், உடுத்தியவர்களைத் தொலைத்துவிட்டார்கள். விழாவில் ஸ்காட்டுக்குத் துணைநின்ற கர்னல் டேவிட் ஸ்டூவர்ட் என்ற ஒரு மனிதர், அதே 1822-இல் வெளியிட்ட தம் நூலில், இப்படிக் குடிகளை வெளியேற்றுவது தகாது என்று துணிந்து எழுதினார். அவருக்கு ஒரு வணக்கம்.

பிறகு வந்தவர்கள் இரண்டு சகோதரர்கள். ஆலன் என்ற குடும்பத்தில் பிறந்து, தாங்கள் அந்தத் தோற்ற இளவரசரின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டு, ஸோபீஸ்கி ஸ்டூவர்ட் என்று பெயரும் மாற்றிக்கொண்டவர்கள். பழைய கையெழுத்துப் பிரதி ஒன்று தங்களிடம் இருப்பதாகச் சொல்லி, 75 குலத்துணிகளின் வர்ணனையோடு 1842-இல் ஆடம்பரமான புத்தகம் போட்டார்கள். வால்டர் ஸ்காட் உயிரோடிருந்தபோதே அந்தப் பிரதியைச் சந்தேகித்தார். ஒரு கற்பனைக்காரனை இன்னொரு கற்பனைக்காரன் கண்டுபிடித்துவிடுவான் போலும்! பின்வந்த ஆராய்ச்சிக்காரர்கள் அது போலி என்று நிரூபித்தும்விட்டார்கள். ஆனால் என்ன? நாம் மேலே இழை எண்ணிப் பார்த்த வாலஸ் துணி உள்பட, இன்று வழங்கும் குலத்துணிகளில் பல அந்தப் புத்தகத்திலிருந்து வந்தவைதாம். பொய்யான ஏட்டிலிருந்து மெய்யான துணி!

அப்படியானால் எல்லாம் ஏமாற்றா? கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் சங்கடமானது. குலத்துக்கொரு கட்டம் என்பது கட்டிவிட்ட கதை; மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கதையை நம்பியவர்கள் யார்? ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, பனியும் காடுமான தேசங்களில் வேரூன்றியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும். அவர்களுக்கு நிலம் இல்லை, தாத்தன் பேசிய பாஷை மறந்துவிட்டது, கூரை எரிந்த வீட்டின் அடையாளமும் இல்லை. ஒரு முழத் துணி மட்டும் கையில் இருந்தது. 1969-இல் அப்போலோ 12-இல் சந்திரனுக்குப் போன ஆலன் பீன், தம் மூதாதையரான மக்பீன் குலத்துத் துணியில் ஒரு துண்டைக் கூடவே கொண்டுபோய்த் திரும்பினார். அந்தக் கட்டம் எந்த வருஷத்தில் யார் கற்பனை செய்தது என்று அவரிடம் போய்க் கேட்க யாருக்கு மனம் வரும்? கதையைக் கட்டி லாபம் பார்த்தவர்கள் வேறு; அதைப் பற்றிக்கொண்டு பிழைத்தவர்கள் வேறு. முன்னவரிடம் கணக்குக் கேட்கலாம். பின்னவரிடம் கேட்பது நியாயமாகாது.

ஸ்காட்லாந்து பார்லிமெண்டு 2008-இல் டார்ட்டனுக்காக இன்னொரு சட்டம் செய்தது. சிறைக்கு அனுப்ப அல்ல, பதிவு செய்ய! 2009 பிப்ரவரி முதல் எடின்பரோவில் அரசாங்கப் பதிவேடு ஒன்று இருக்கிறது. குலத்துக்குத்தான் என்றில்லை, நகரம், கம்பெனி, பந்தாட்டக் கோஷ்டி, தனி மனிதர், யாரும் புதுக் கட்டம் கற்பனை செய்து பதிவு செய்யலாம். பல ஆயிரம் தினுசுகள் ஏறிவிட்டன. பதிவு செய்ய வருகிறவரிடம் முக்கியமாகக் கேட்பது, எந்த நிறம் எத்தனை இழை, எந்த வரிசையில் என்ற கணக்குத்தான். மேற்குத் தீவுப் பெண்கள் மரத்துண்டில் வைத்திருந்தார்களே, அதே கணக்கு. அவர்கள் எந்தக் குலத்தின் பெருமையையும் அதில் எழுதி வைக்கவில்லை. அடுத்த குளிர்காலத்துக்குத் துணி நெய்யவேண்டும், இழை தப்பக்கூடாது என்ற கவலை ஒன்றுதான் அவர்களுக்கு இருந்தது.